மலையகத்திலிருந்து சுறாப்பல் தேடப் புறப்படுபவர்களுக்கு: தொடக்கநிலைச் செய்முறை

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சுறா ஒன்றின் வாயிலிருந்து விழுந்து, மண்ணுக்குள் கல்லாகிப்போன பல்லைத் தேடிப் பொறுக்குவதைப் பல நாடுகளில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு நாமும் இதைத் தொடங்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: மலையகத்தில் சுறாப்பல் கிடைக்காது. இங்கே நாம் செய்யக்கூடியது கண்ணைப் பழக்குவது. அதை ஒழுங்காகச் செய்துவிட்டால், கடலோரம் போகக் கிடைக்கும் ஓரிரு நாட்கள் வீணாகாது.

படி 1: காலடியில் உள்ள பாறையைப் படியுங்கள்

தேயிலை மலைக்கு ஏறும் பாதையோரத்தில், வெட்டப்பட்ட பாறை ஒன்றின் அருகே நின்று பாருங்கள். வெளிர், கருமை எனப் பட்டை பட்டையாக இருக்கும். பல இடங்களில் சிவப்புப் புள்ளிகள் தெரியும், அவை கார்னெட் என்னும் கனிமம். அங்கங்கே காக்காப்பொன் மினுங்கும். இவை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள். அந்த உருமாற்றம் நடந்து ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய சுறாப் பற்களோ ஏறத்தாழ 40 கோடி ஆண்டு பழமையானவை. நம் மலைப் பாறைகள் வெந்து இறுகியபோது சுறா என்ற உயிரே கடலில் இருக்கவில்லை.

ஆற்றோரத்தில் கருமையாக, முக்கோணமாக, பளபளப்பாக ஏதாவது கிடைத்தால் ஆசைப்பட்டு அதற்குப் பல் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஹார்ன்பிளெண்ட் என்னும் கருங்கனிமத்தின் துண்டாகவோ, தூர்மலின் என்னும் கனிமத்தின் கருநிற வகையாகவோ இருக்கும். தூர்மலினின் குறுக்குவெட்டு முகமே உருண்ட முக்கோணமாக இருப்பதால் அது நன்றாக ஏமாற்றும்.

பழைய உயிர்களின் பல்லே நம் பக்கத்தில் இல்லை என்றும் சொல்ல முடியாது. மலையடிவாரத்து இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளின் சரளைப் படிவிலிருந்து காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எச்சங்கள் வந்துள்ளன. குருவிட்டவில் கிடைத்த பற்களை வைத்து, இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் வாழ்ந்தது என்று தொல்லுயிரியலாளர் பி. ஈ. பி. தெரணியகல 1939இல் எழுதினார். அவையெல்லாம் தரை விலங்குகள். கடலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

படி 2: பல்லின் உடற்கூற்றை மனத்தில் பதியுங்கள்

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. இறந்ததும் அது சிதைந்துவிடுகிறது. பற்கள் அப்படியல்ல. அவை தாடைக்குள் ஊன்றியிருப்பதில்லை. ஈறோடு நார்களால் மட்டும் பிடித்திருக்கும். ஒன்று விழ, பின்வரிசையில் இருப்பது முன்னே வரும். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. சுறாவின் மிச்சங்களில் பல்லே அதிகமாகக் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு பல்லில் இரண்டு பகுதிகளைப் பார்க்க வேண்டும். மேற்பகுதி எனாமல் போர்த்தது. மழமழப்பானது, ஒளி பட்டால் மினுங்கும். வேர்ப்பகுதி மங்கலானது, உடைத்த பிஸ்கட்டின் உட்புறம்போலச் சிறு துளைகள் கொண்டது. மினுக்கமும் மங்கலும் ஒரே துண்டில் ஒரு தெளிவான கோட்டில் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். கல்லில் அந்தக் கோடு வராது. நிறம், வடிவம், அளவு எல்லாம் ஏமாற்றலாம். இந்தக் கோட்டை நான் மிகவும் நம்புகிறேன். புதியவர்கள் வேறு எதையும் மனப்பாடம் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும்.

நிறத்தை வைத்து வயதைச் சொல்லாதீர்கள். கறுப்பு, சாம்பல், பழுப்பு, வெளிர் மஞ்சள் என்பவையெல்லாம் பல் புதைந்து கிடந்த மண்ணிலிருந்த கனிமங்கள் கொடுத்த நிறங்கள்.

இனத்தைக் கண்டறிய விளிம்பைப் பாருங்கள். விளிம்பு ரம்பம்போல வெட்டுண்டு ஒரு பக்கம் ஆழமான வளைவு இருந்தால் புலிச்சுறா வகை. வெட்டுகள் பெரிதாக இருந்து, நுனிக்குச் சற்று முன்பே நின்றுவிட்டால் ஹெமிப்பிரிஸ்டிஸ் என்னும் சுறா வகை. மெலிந்து நீண்டு, அடியில் இருபுறமும் சிறு முட்கள் இருந்தால் மணற்சுறா வகை. அகன்ற முக்கோணம், நுண்ணிய சீரான வெட்டுகள், தடித்த வேர் ஆகியவை எல்லோரும் கனவு காணும் மெகலடோன் என்னும் அழிந்துபோன பெருஞ்சுறாவினுடையவை. அது ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தது. அதன் மிகப் பெரிய பற்கள் ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் நீளமானவை. நீங்கள் கண்டெடுக்கப்போகும் பல்லோ பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாகவே இருக்கும். அதற்கேற்பக் கண்ணைத் தயார்படுத்துங்கள்.

படி 3: வீட்டு முற்றத்தில் பயிற்சி

நம் ஊர்களில் சுறா என்றாலே கருவாடுதான். ஆனாலும் நகரச் சந்தை மீன்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் சிறிய சுறாவின் தலையை எடுத்துவைப்பார்கள். பெரும்பாலும் அது வீசப்படும் பகுதிதான். கசாளி என்னும் நீள்வால் சுறாவைப் பிடிப்பது இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளது. அதனால் என்ன சுறா என்று கேட்டு வாங்குங்கள்.

தலையைப் பழைய பாத்திரம் ஒன்றில் சில நிமிடங்கள் வேகவையுங்கள். வெளியில் அடுப்பு மூட்டுவது நல்லது, வாடை கடுமையாக இருக்கும். ஆறியதும் கையுறை போட்டுக்கொண்டு தாடையை விரித்துப் பாருங்கள். வரிசைக்குப் பின் வரிசையாகப் பற்கள் படுத்திருக்கும் விதத்தை ஒருமுறை நேரில் கண்டால் போதும். இவ்வளவு பல் எப்படி மண்ணில் கிடக்கிறது என்ற கேள்வி பிறகு எழாது. பற்களைக் கிடுக்கியால் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள்.

வெள்ளைப் பல்லை மணலில் தேடுவது மிகச் சுலபம். அதனால் பயிற்சி கிடைக்காது. தேயிலைத் தூளைக் கடும் சாயமாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அதில் பற்களைச் சில நாட்கள் ஊறப்போடுங்கள். வேர்ப்பகுதி நன்றாகப் பழுப்பேறும், மேற்பகுதியும் ஓரளவு மங்கும். எத்தனை பல் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, கட்டட வேலைக்கு இறக்கிய ஆற்றுமணலில் ஒரு சாக்கு அளவு எடுத்து அதில் கலந்துவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது கலந்தால் இன்னும் நல்லது.

இனி அந்த மணலைச் சலித்துத் தேடுங்கள். மேலே 6 மில்லிமீற்றர் கண்ணுள்ள வலை, கீழே கொசுவலை அடித்த சட்டம் என இரண்டு சல்லடைகள் வேண்டும். பீலித் தண்ணீரில் சட்டத்தை ஆட்டி மண்ணைக் கரைத்துவிட்டு, மிஞ்சியதை வெள்ளைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். பார்வை இடமிருந்து வலமாக, ஒரு கீற்றாக நகரட்டும்; தட்டு முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க முயலாதீர்கள். எண்ணிக் கலந்த பற்கள் அனைத்தும் திரும்பக் கிடைக்கும்வரை இதைச் செய்யுங்கள். மணலிலுள்ள கார்னெட், குவார்ட்ஸ், கருங்கனிமங்கள் எல்லாம் இந்தப் பயிற்சியிலேயே பழகிவிடும்.

இந்தப் பயிற்சியை ஆற்றிலோ ஓடையிலோ செய்ய வேண்டாம். உரிமப்பத்திரம் இல்லாமல் மாணிக்கக்கல் தேடுவது சட்டப்படி குற்றம். ஓடைப்படுகையைக் கிளறிச் சல்லடை ஆட்டும் ஒருவர் பல் தேடுகிறாரா கல் தேடுகிறாரா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. கரையும் சரியும், கீழே தண்ணீர் எடுப்பவர்களுக்குக் கலங்கலும் போகும்.

படி 4: எங்கே போவது

இலங்கையில் பெரும்பகுதி நம் மலைகளைப் போன்ற பழம்பாறைதான். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வடமேற்குக் கரையோரமாகப் புத்தளம்வரை நீளும் சுண்ணாம்புக்கல் அப்படியல்ல. அது 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை நீடித்த மயோசீன் காலத்தில், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் படிந்தது. புத்தளத்துக்கு வடக்கே அருவக்காலுவில் கடற்பசு எலும்புகளும் சுறாப் பற்களும் பதிவாகியுள்ளன. தென்கிழக்கில் மினிஹகல்கந்தவும் மயோசீன் படிவுக்குப் பெயர்பெற்றது.

பெயர்களைக் கேட்டதும் பையைத் தூக்கிவிட வேண்டாம். மினிஹகல்கந்த யால தேசிய பூங்காவுக்குள் இருக்கிறது. வடமேற்குக் கரையிலுள்ள குதிரைமலை வில்பத்து தேசிய பூங்காவுக்குள் இருக்கிறது. தேசிய பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவர அனுமதியில்லை. அருவக்காலுவில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். எழுத்துமூல அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. தனியாகப் போய் வாயிலில் கெஞ்சுவதைவிட, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறைக்கு எழுதி, களப்பயணம் எதிலாவது சேர்ந்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். அது கண்டியில், நம் வாசலிலேயே இருக்கிறது. பாடசாலை ஆசிரியர் ஒருவர் மாணவர் குழுவுக்காகக் கேட்டால் இன்னும் பொருத்தமாக இருக்கும். புத்தளம் போக ஹட்டன் பக்கத்தவர்களுக்குக் கண்டி, குருநாகல் வழியான பஸ் பாதை வசதி.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நம்மில் பலருக்கு உறவினர் இருக்கிறார்கள். அங்கே போகும்போது யாழ்ப்பாணம்வரை ஒரு எட்டுப் போய், கீரிமலைக் கரையில் சுண்ணாம்புப் பாறையைக் கண்ணால் படித்துவிட்டு வரலாம். சிப்பி, பவளம் ஆகியவற்றின் அச்சுகள் எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ள இது உதவும். பாறையை உடைக்க வேண்டாம்.

லண்டனில் பிள்ளைகள் இருந்து பயணம் வாய்த்தால், எசெக்ஸ் கரையிலுள்ள வால்டன்-ஒன்-த-நேஸ் புதியவர்களுக்கு நல்ல இடம். அங்குள்ள களிமண் 5 கோடி ஆண்டுக்கும் பழையது. அலை கழுவிப்போட்ட பற்கள் கடற்கரையிலேயே கிடக்கும். கரையோரச் செங்குத்துச் சரிவைத் தோண்டக்கூடாது, கரையில் கிடப்பதைப் பொறுக்கலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் வெனிஸ் கடற்கரை இதற்கென்றே பெயர்பெற்றது. புளோரிடாவில் முதுகெலும்புள்ள உயிர்களின் புதைபடிவங்களைச் சேகரிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். சுறாப்பல்லுக்கு மட்டும் விலக்கு உண்டு.

படி 5: களத்தில்

காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் தேடுங்கள். எனாமல் அப்போதுதான் மினுங்கும். கரையில் ஒரே அளவுள்ள சிறுகற்கள் ஒதுங்கியிருக்கும் கீற்றைக் கண்டுபிடித்து, அதை மட்டும் தொடர்ந்து நடங்கள். பரந்த வெறும் மணலில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். இங்கிலாந்துக் கரைகளில் வற்றுநேரம் பார்த்துப் போவார்கள். நம் கரைகளில் வற்றும் பெருக்குமான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாளே இங்கே நல்ல நாள்.

சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்துக்கு அனுமதியோடு போனால், தலைக்கவசம் போடுங்கள், செங்குத்துச் சுவரின் கீழே நிற்காதீர்கள். மழை கழுவிவிட்ட பழைய மண்குவியல்களைப் பாருங்கள். குளிரில் வாழ்ந்து பழகிய நமக்குப் புத்தளத்து வெயில் சட்டென்று தலைசுற்றலைக் கொடுக்கும். தொப்பியும் போதுமான தண்ணீரும் இல்லாமல் இறங்காதீர்கள்.

பல் ஒன்று கண்ணில் பட்டால் உடனே எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, கிடந்தபடியே படம் எடுங்கள். கைப்பேசியில் இடக்குறிப்பையும் சேமியுங்கள். அங்கே சேகரிக்க அனுமதி இருக்கும்போது மட்டும் கையில் எடுங்கள். பாறைக்குள் பாதி புதைந்திருந்தாலோ எலும்போடு சேர்ந்திருந்தாலோ, அனுமதி இருந்தாலும் தொடாமல் படத்தை மட்டும் கொண்டுபோய்ப் புவிச்சரிதவியல் துறையினரிடம் காட்டுங்கள்.

படி 6: கழுவுதலும் எழுதுதலும்

கடற்கரையில் கிடைத்த பல்லில் உப்பு ஏறியிருக்கும். உப்பு காய்ந்து படிகமாகும்போது வேரைப் பிளக்கும். நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றிச் சில நாட்கள் வையுங்கள். மென்மையான பல் துலக்கியால் தேய்த்து நிழலில் காயவிடுங்கள். வினாகிரி, தேசிக்காய்ச் சாறு எதுவும் வேண்டாம். பல் அபடைற்று என்னும் கனிமத்தால் ஆனது. அமிலம் அதைக் கரைக்கும். நகப்பூச்சு பூசிப் பளபளப்பாக்குவதும் வேண்டாம்.

பிறகு எழுதுங்கள். கிடைத்த இடம், எந்தப் படிவு அல்லது கரையின் எந்தப் பகுதி, திகதி, எடுத்தவர் பெயர் ஆகிய நான்கும் பென்சிலால் ஒரு சிறு தாளில் எழுதப்பட்டுப் பல்லோடு ஒரே டப்பாவில் இருக்க வேண்டும். பேனா மை காலப்போக்கில் மங்கும். இனப்பெயர் தெரியாவிட்டால் அதற்கான வரியை வெறுமையாக விடுங்கள், பிறகு நிரப்பலாம். பல் கிடைத்த இடத்தைப் பிறகு நிரப்ப முடியாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத அழகான பல் ஆய்வாளருக்கு எதையும் சொல்லாது. இடம் எழுதிய உடைந்த பல் நிறையச் சொல்லும்.

தேயிலைச் சாயத்தில் ஊறிய பயிற்சிப் பற்களை வேறு டப்பாவில் போட்டு, மேலே 'பயிற்சிக்கு மட்டும்' என்று பெரிதாக எழுதி வையுங்கள். அடுத்து கற்றுக்கொள்ள வரும் பிள்ளைக்கு அவை தேவைப்படும்.