ஊழிப் படம் சொல்வது எப்படி? அதிகம் பேசப்படாத படங்களை நண்பர்களிடம் சேர்க்கும் வழி

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆறு பேர். ஆறு பேருக்கும் பிடித்தது ஒரே வகைப் படங்கள்தான்: உலகம் அழிந்துபோன பிறகு மிச்சமிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று காட்டுபவை. போஸ்ட்-அபோகலிப்டிக் என்பதற்குப் பதில் எங்களுக்குள் ‘ஊழிப் படம்’ என்றே சொல்லிக்கொள்வோம். மேட் மேக்ஸ் வரிசை, ஐ ஆம் லெஜண்ட், தி ரோட், ட்ரெயின் டு பூசான் எல்லாம் எல்லோரும் பார்த்தாயிற்று. அடுத்து என்ன என்று கேட்கும்போது என்னைப் பார்ப்பார்கள். பதினைந்து வருடமாக இந்த வகையைத் தேடித் தேடிப் பார்த்துக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் படம் தெரிந்திருப்பது வேறு, அதை இன்னொருவருக்குச் சொல்லத் தெரிவது வேறு. இரண்டாவதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

1967இல் வந்த செக் நாட்டுப் படம் ஒன்று, லேட் ஆகஸ்ட் அட் தி ஹோட்டல் ஓசோன். இயக்கியவர் யான் ஷ்மித். உலகை அழித்த அணுப்போருக்குப் பிறகு பிறந்த இளம்பெண்கள் சிலரை ஒரு கிழவி காட்டு வழியே அழைத்துக்கொண்டு போகிறாள். பழைய உலகம் எப்படி இருந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெட்டிய மரத்தின் வளையங்களைத் தொட்டு, இது எந்த வருடம், இது எந்த வருடம் என்று அவள் சொல்லும் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த உற்சாகத்தில் நண்பர் ஒருவருக்குப் படத்தை அனுப்பி, ‘இன்றைக்கே பார்’ என்றேன். அவர் வளர்த்த நாய் இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் படத்தில் நாயைச் சுடும் காட்சி இருக்கிறது. மாட்டைக் கொல்லும் காட்சியும் இருக்கிறது, பார்க்கவே முடியாது. அவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான்கு நாள் என் போனை எடுக்கவில்லை. எனக்கு அவர் வீட்டு நாயைத் தெரியும், அதன் தலையைத் தடவியிருக்கிறேன். அப்படியிருந்தும் யோசிக்காமல் அனுப்பினேன்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். என்ன செய்கிறது, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்காமல் ஒரு அட்டையையும் எடுத்துக் கொடுத்ததில்லை. படத்துக்கும் அப்படிக் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

கேட்கிற கேள்வி முக்கியம். ‘உனக்கு எந்த மாதிரி படம் பிடிக்கும்’ என்று கேட்டால் ‘நல்ல படம் எதுவானாலும்’ என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் கேட்பது: கடைசியாகப் பார்த்த ஊழிப் படத்தில் எந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது? ஒருவர் சொல்வார், ஐ ஆம் லெஜண்டில் புல் முளைத்த தெருவில் அவன் தனியாகப் போகும் இடம். இன்னொருவர், தி ரோடில் நிலவறையில் சாப்பாட்டு டப்பாக்களைக் கண்டுபிடிக்கும் இடம். இருவரும் ரசிப்பது ஒரே வகைப் படத்தைத்தான் என்றாலும் தேடுவது ஒன்றல்ல. முதலாமவருக்கு வேண்டியது ஆளில்லாத அமைதி. இரண்டாமவருக்கு, அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன வழி என்ற கவலை.

ஐ ஆம் லெஜண்ட் பிடித்தவருக்கு இன்னொரு வசதி இருக்கிறது. ரிச்சர்ட் மேத்சன் 1954இல் எழுதிய அதே நாவலை வைத்து 1964இல் தி லாஸ்ட் மேன் ஆன் எர்த் என்ற படம் வந்திருக்கிறது, வின்சென்ட் பிரைஸ் நடித்தது. தெரிந்த கதையிலிருந்து தெரியாத படத்துக்குப் போக நல்ல பாலம். பெரிய துப்பாக்கியெல்லாம் கிடையாது. ராத்திரி வரும் ரத்தக்காட்டேரிகளை விரட்ட வாசலில் பூண்டும் கண்ணாடியும் தொங்கும். பகலில் கடைசல் இயந்திரத்தில் மர ஆப்பு சீவிக்கொண்டிருப்பார், தினமும் வேலைக்குப் போகிறவர் முகத்தோடு. அந்தச் சலிப்பைப் பார்க்கத்தான் நான் அந்தப் படத்தைச் சொல்வேன்.

அமைதி வேண்டும் என்பவருக்கு என் முதல் தேர்வு நியூசிலாந்துப் படம், தி கொயட் எர்த், 1985, ஜெஃப் மர்ஃபி இயக்கியது. காலை 6:12க்கு ஒரு விஞ்ஞானி கண் விழிக்கிறார். ஊரில் ஒருவரும் இல்லை. விழுந்து எரிந்த விமானத்தில் இருக்கைகளின் பெல்ட் மாட்டியபடியே இருக்கிறது, ஆட்களை மட்டும் காணோம். இந்த இடத்தோடு நான் நிறுத்திக்கொள்வேன். முதல் பத்து இருபது நிமிடத்தைத் தாண்டி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு. கேட்பவர் கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன்.

இந்தப் படத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, போஸ்டரை அனுப்பாதீர்கள். பரவலாகக் கிடைக்கும் போஸ்டரில் கடைசிக் காட்சியையே போட்டிருக்கிறார்கள். நான் பெயர், நாடு, வருடம் மூன்றையும் எழுத்தில் அனுப்பி, ‘போஸ்டரைத் தேடாமல் நேராகப் படத்தைப் போடு’ என்பேன். இரண்டு, பெயரை வாயால் சொன்னால் மட்டும் போதாது. எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குப் போனில் சொன்னேன், அவர் எ கொயட் பிளேஸ் பார்த்துவிட்டு வந்து ‘இதைத்தான் ஏற்கனவே பார்த்தேனே’ என்றார். வருடம் தெரிந்திருந்தால் அந்தக் குழப்பம் வராது. அப்புறம், தற்கொலை தொடர்பான காட்சி அதில் உண்டு. சிலுவையைப் பார்த்துத் துப்பாக்கி தூக்கும் காட்சியும் உண்டு. எது யாரைப் புண்படுத்தும் என்று சொல்லுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதையை உடைக்காமல் ‘இப்படி ஒன்று வரும், பரவாயில்லையா’ என்று கேட்பது ஒரு நிமிட வேலை.

சோற்றுக் கவலைக்காரருக்கு தி சர்வைவலிஸ்ட், 2015, வட அயர்லாந்தின் ஸ்டீஃபன் ஃபிங்கிள்டன் எடுத்தது. உலகம் எப்படி அழிந்தது என்று படத்தில் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. ஆரம்பத்தில் ஒரு வரைபடம்: எண்ணெய் உற்பத்திக்கு ஒரு கோடு, மக்கள்தொகைக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். அப்புறம் காட்டுக்குள் ஒரு குடிசை, ஒரு துண்டு நிலம், அதைக் காவல் காக்கும் ஒரு மனிதன். முதல் கால் மணி நேரம் கிட்டத்தட்ட வசனமே கிடையாது. மொட்டை மாடியில் கத்தரியும் கீரையும் போடும் அக்கா ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். அவரிடம் நான் இந்த ஒரு காட்சியைத்தான் சொன்னேன்: பசியோடு வரும் ஒரு பெண்மணி சாப்பாட்டுக்கு விலையாக விதைகளை நீட்டுகிறாள், அவன் வேண்டாம் என்கிறான். அக்கா உடனே, ‘முளைக்குமா முளைக்காதான்னு தெரியாத விதைய நம்பி எப்படிப்பா சோறு போடுவான்?’ என்றார். இனி நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர் படத்துக்குள் போய்விட்டார். படுக்கையறைக் காட்சிகள் இருப்பதால் வீட்டில் குழந்தைகள் தூங்கின பிறகு பாருங்கள் என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு படம். இதை நான் அழுத்திச் சொல்வேன். பத்துப் படப் பட்டியல் அனுப்பினால் யாரும் ஒன்றைக்கூடப் பார்ப்பதில்லை, அனுப்பினவருக்கு அனுப்பின திருப்தி மட்டும் மிஞ்சும். அதேபோல ‘உலகத்திலேயே சிறந்த படம், யாருக்கும் தெரியாது’ என்ற பேச்சும் வேண்டாம். அந்தப் பாரத்தை எந்தப் படமும் தாங்காது. சொல்வதற்கு முன் அது இப்போது எங்கே கிடைக்கிறது என்று அன்றைக்கே ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுங்கள். போன மாதம் ஓடிடியில் இருந்தது இந்த மாதம் இருக்காது. ஆசையாகத் தேடிக் கிடைக்காவிட்டால் அடுத்த முறை நீங்கள் சொல்வதை அவர் தேடவே மாட்டார்.

சில படங்களுக்கு ஒரு முன்குறிப்பு அவசியம், கதைக்காக அல்ல, பார்க்கும் விதத்துக்காக. கான்ஸ்டன்டின் லோபுஷான்ஸ்கியின் லெட்டர்ஸ் ஃப்ரம் எ டெட் மேன், சோவியத் படம். செர்னோபில் விபத்து நடந்த அதே 1986இல் வந்தது. அணுப்போருக்குப் பிறகு அருங்காட்சியகத்தின் நிலவறையில் ஒரு வயதான விஞ்ஞானி, எங்கே இருக்கிறான் என்றே தெரியாத மகனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். படம் பெரும்பாலும் மஞ்சள் பூத்துப்போய் இருக்கும். அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். நான் அதைச் சொல்ல மறந்ததால் ஒரு நண்பர் அரை மணி நேரம் டிவியின் கலர் செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். இன்னொரு பெயரும் அதற்கு உண்டு, டெட் மேன்ஸ் லெட்டர்ஸ். இரண்டையும் கொடுங்கள்.

‘ரெண்டு மணி நேரமெல்லாம் உட்கார முடியாது’ என்பவர்களுக்கு கிறிஸ் மார்க்கரின் லா ஜெட்டே. பிரெஞ்சுப் படம், 1962, வெறும் 28 நிமிடம். 12 மங்கீஸ் பார்த்தவர்களிடம் அதன் மூலம் இதுதான் என்று சொன்னால் போதும், ஆவலோடு வாங்கிக்கொள்வார்கள். ஆனால் படம் முழுக்க அசையாத புகைப்படங்களும் பின்னணிக் குரலும்தான். முன்கூட்டியே சொல்லாவிட்டால் நெட் மாட்டிக்கொண்டது என்று நினைத்து மூடிவிடுவார்கள். அதற்குள் ஒரு சின்ன அதிசயம் வைத்திருக்கிறார் மார்க்கர். எங்கே என்று இங்கேயும் சொல்ல மாட்டேன்.

இனி, கேட்டாலும் உடனே கொடுக்காத படங்கள். தி வார் கேம், பீட்டர் வாட்கின்ஸ் 1965இல் பிபிசிக்காக எடுத்தது. பிரிட்டன் மீது அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் செய்திப்படம் போலவே காட்டினார். பிபிசி அதை ஒளிபரப்பாமல் நிறுத்திவைத்தது, ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியும்கூட. தொலைக்காட்சியில் வர 1985 ஆயிற்று. த்ரெட்ஸ், 1984, இதுவும் பிபிசி. ஷெஃபீல்டு நகரத்தில் ஒரு காதல் ஜோடி, அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள், வால்பேப்பர் ஒட்டி வீட்டைத் தயார் செய்கிறார்கள். அப்புறம் குண்டு. நடுநடுவே திரையில் டைப் அடித்தாற்போல வறண்ட தகவல் வரிகள் வரும், அவை காட்சிகளைவிடக் கொடுமை. இதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. எல்லோரும் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். ஆனாலும் கர்ப்பிணிகளுக்கோ, குழந்தையை இழந்தவர்களுக்கோ நான் இதைச் சொல்வதில்லை. மற்றவர்களுக்கும் ‘தனியாகப் பார்க்காதே, ராத்திரி பார்க்காதே, முடிந்ததும் எனக்குப் போன் பண்ணு’ என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

அதே பயத்தை இன்னும் மெல்லத் தாங்கக்கூடியவர்களுக்கு டெஸ்டமென்ட், 1983, லின் லிட்மன். கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊர், ஒரு தாய், மூன்று குழந்தைகள். குண்டு என்பது ஜன்னலில் ஒரு வெளிச்சம், அதோடு சரி. அதற்குப் பிறகு எரிந்த கட்டடமோ ரத்தமோ இல்லை. சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொரு இடமாகக் காலியாவதுதான் கதை. தாயாக நடித்த ஜேன் அலெக்சாண்டருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

சப்டைட்டில் படிக்க முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்று ரொம்ப நாள் தவித்தேன். என் சித்தப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், ஆங்கிலம் படிக்க வராது. நாங்கள் படம் பார்க்கும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவருக்காகத் தேடி எடுத்தது லூக் பெஸ்ஸனின் முதல் முழுநீளப் படம், ல தெர்னியே கோம்பா, 1983, கறுப்பு வெள்ளை. அழிவுக்குப் பிறகு மனிதர்களுக்குப் பேச்சே போய்விட்டது, ஆகவே படத்தில் வசனம் கிடையாது. ஆரம்பத்தில் ரப்பர் பொம்மையை வைத்து ஒரு சங்கடமான காட்சி உண்டு. பெரியவர்களோடு பார்ப்பதானால் அதைத் தள்ளிவிட்டுப் போடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். வானத்திலிருந்து மீன் மழை கொட்டியபோது சித்தப்பா நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் அந்த இடம் வந்தது. ஒரு டாக்டரும் கதாநாயகனும் ஏதோ ஒரு வாயுவை மூச்சில் இழுத்து, தொண்டையைச் செருமிச் செருமி, மிகுந்த சிரமத்தோடு ஒரே ஒரு சொல்லைச் சொல்கிறார்கள்: ‘போன்ஜூர்.’

‘என்னடா சொன்னாங்க?’ என்றார் சித்தப்பா.

‘வணக்கம்னு சொன்னாங்க, சித்தப்பா.’

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. படம் முடிந்ததும் நான் ‘எப்படி இருந்தது’ என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ‘நல்லா இருந்துச்சு’ என்று மட்டும்தான் பதில் வரும். எந்த இடம் நினைவில் நிற்கிறது என்று வழக்கம்போலக் கேட்டேன். மீன் மழையைச் சொல்வார் என்று நினைத்தேன். ‘வணக்கம் சொன்னப்போ அவனுங்க சிரிச்சாங்க பாரு, அது’ என்றார்.

அடுத்து அவருக்கு லா ஜெட்டே போடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பேச்சு முழுக்கப் பின்னணிக் குரல் என்பதால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அந்த விவரிப்பைத் தமிழில் நானே வாசித்துக் காட்டலாம். கடை மூடிய பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். நான்கு பக்கம் முடிந்திருக்கிறது.