ரெண்டு நாட்டோட உடற்பயிற்சிக் கொள்கையை ஒப்பிட்டுப் பாக்கறது எப்படி

மக்கள் நடக்கணும் ஓடணும் விளையாடணும்னு அறிக்கை போடறது எந்த அரசாங்கத்துக்கும் கஷ்டமில்ல. அதனால ஒப்பிடணும்னு உக்காந்தீங்கன்னா அட்டைப்படம், அமைச்சரோட முன்னுரை எல்லாத்தையும் தள்ளி வச்சிட்டு நேரா காசு எங்கேர்ந்து வருதுன்னு தேடுங்க, நான் எப்பவும் அங்கதான் ஆரம்பிப்பேன்.

தாய்லாந்துல 2001ல சட்டமே போட்டு சுகாதார மேம்பாட்டுக்குன்னு தனி நிதி ஆரம்பிச்சாங்க. மது, சிகரெட் மேல இருக்கற கலால் வரியோட 2 சதவீதம் கூடுதலா வசூல் பண்றாங்க, அது நேரா அந்த நிதிக்குப் போயிடும், வருஷா வருஷம் பட்ஜெட்ல கையேந்த வேண்டாம். இது பக்கத்துல கனடாவை வச்சுப் பாருங்க, மக்களை உடற்பயிற்சி செய்யத் தூண்டறதுக்காக 1971லேர்ந்து ஓடிட்டிருந்த பார்ட்டிசிபாக்‌ஷன் அமைப்பு, ஒரு தலைமுறையே விளம்பரத்தைப் பாத்து வளந்த அமைப்பு, அரசாங்கக் காசு கொறஞ்சுகிட்டே வந்து அதே 2001ல மூடிட்டாங்க, திரும்ப 2007லதான் உயிர் வந்துச்சு. ரெண்டு நாட்டு அறிக்கையையும் மட்டும் படிச்சா இந்த வித்தியாசம் கண்ணுலயே படாது.

அடுத்து, காசு யார் கைக்குப் போச்சுன்னு பாக்கணும். இதுக்கும் கனடாவே நல்ல உதாரணம். 2007ல குழந்தைங்களோட விளையாட்டு கிளாஸ் ஃபீஸுக்கு வரிச்சலுகை குடுத்தாங்க, 500 டாலர் வரைக்கும் கணக்கு காட்டலாம், அதுல 15 சதவீதம், அதாவது மிஞ்சிப்போனா 75 டாலர் வரில கழியும். ஆனா வரி கட்டற அளவுக்கு வருமானமே இல்லாத வீட்டுக்கு எதுல கழிப்பாங்க? முதல்ல ஃபீஸ் கட்டவே கையில காசு வேணுமே. 2017ல அந்த சலுகையை நிறுத்திட்டாங்க. இந்த மாதிரி திட்டத்தைப் பாத்தா "ஊக்கத்தொகை இருக்கு"ன்னு டிக் போட்டுட்டுப் போயிடாதீங்க ப்ளீஸ், யாருக்குக் கெடச்சுதுன்னு பக்கத்துலயே எழுதுங்க.

எந்த அமைச்சகம் பொறுப்புங்கறதும் முக்கியம். இந்தியால ஃபிட் இந்தியாங்கற உடற்பயிற்சி இயக்கம் 2019 ஆகஸ்ட் 29 ஆரம்பிச்சுது, விளையாட்டு அமைச்சகத்துக்குக் கீழ வருது. ஆனா ஒருத்தர் தினம் நடக்கணும்னா அவருக்கு வேண்டியது நடைபாதை, அது மாநகராட்சி கையில இருக்கு. அதனால போக்குவரத்து, நகரமைப்பு ஃபைலையும் சேத்துப் பாக்கலைன்னா உங்க ஒப்பீடு பாதிதான்.

இப்ப அளக்கற விஷயம், இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கோங்க. ஸ்லோவேனியால 1980கள்லேர்ந்து வருஷா வருஷம் ஏப்ரல் மாசம் பள்ளிக்கூடத்துலயே பிள்ளைங்களைச் சோதிக்கறாங்க. நின்ன எடத்துலேர்ந்து தாவறது, ஒரு நிமிஷத்துல எத்தனை தடவை படுத்து எந்திரிக்கறாங்க, 600 மீட்டர் ஓட்டம், கையையும் காலையும் ஊணி பின்பக்கமா நகந்து தடையைத் தாண்டறதுன்னு ஒவ்வொண்ணும் பதிவாகும். அதனாலதான் 2020 லாக்டவுனுக்கு அப்புறம் பிள்ளைங்க உடம்பு எவ்ளோ தளந்துடுச்சுன்னு அவங்களால உடனே சொல்ல முடிஞ்சுது. மத்த பல நாட்டுல "போன வாரம் எவ்ளோ நேரம் உடற்பயிற்சி செஞ்சீங்க"ன்னு கேட்டு எழுதிக்கறதோட சரி. அதுலயும் கேள்வியோட வார்த்தையைப் பாருங்க, ஓய்வு நேர விளையாட்டை மட்டும் கேட்டா நாத்து நடற பொம்பளையும் நாலு மாடி செங்கல் தூக்கறவரும் "செயல்படாதவங்க" கணக்குல வந்துடுவாங்க. வேலை, போக்குவரத்து, ஓய்வு நேரம் மூணையும் கேட்ட சர்வேயை ஓய்வு நேரத்தை மட்டும் கேட்ட சர்வேயோட எப்பவும் ஒப்பிடாதீங்க.

இலக்குல எண்ணும் வருஷமும் இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துடுங்க. உலக சுகாதார நிறுவனத்தோட திட்டம் 2030க்குள்ள போதிய உடல் இயக்கம் இல்லாதவங்க விகிதத்தை 15 சதவீதம் கொறைக்கணும்னு சொல்லுது, நீங்க பாக்கற நாடு இதை அப்படியே எடுத்துக்கிச்சா, இல்ல "ஊக்குவிப்போம்"னு மட்டும் எழுதியிருக்கான்னு தெரிஞ்சிடும்.

கடைசியா ஆண் பெண் எண்ணைத் தனித்தனியா எடுங்க. வாரம் 150 நிமிஷம் மிதமான இயக்கம்கற அளவுகோல்படி 2022ல உலகத்துல 31 சதவீத பெரியவங்க போதிய இயக்கம் இல்லாம இருந்தாங்க, இந்தியால ஏறக்குறைய பாதிப் பேர், தனியாப் பாத்தா பெண்கள்ல சுமார் 57 சதவீதம், ஆண்கள்ல சுமார் 42 சதவீதம். இந்த 15 புள்ளி இடைவெளிக்குக் கொள்கைல என்ன பதில் இருக்குன்னு வரி வரியா தேடுங்க, சாயங்காலம் இருட்டினப்புறமும் பூங்கால லைட் எரியுமா, பக்கத்துல கழிப்பறை இருக்கா, வீட்டு வேலை முடிஞ்சு அவங்களால வர முடியற நேரத்துக்குத் தெறந்திருக்குமா.