‘ஓப்பன் தி லைட்’ என்று சொல்லும் சீன மாணவருக்கு ‘ஓப்பன்’ கற்றுக்கொடுப்பது எப்படி?

சீன மொழி பேசுபவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆரம்பித்தால் சீக்கிரமே காதில் விழும் வாக்கியம் ‘ஓப்பன் தி லைட்’. சிரித்துவிடாதீர்கள். ‘லைட்டைப் போடு’ என்று மனதில் நினைத்து ‘புட் தி லைட்’ என்று சொன்னவர்கள்தானே நாம்!

படி 1: அவர்களுடைய சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் ‘காய்’ என்றொரு வினைச்சொல் உண்டு. கதவைத் திறந்தால் ‘காய் மென்’, விளக்கைப் போட்டால் ‘காய் டெங்’, கார் ஓட்டினால் ‘காய் ச்செ’, கூட்டம் நடத்தினால் ‘காய் ஹுவெய்’. பூ பூப்பதற்கும் இதே சொல்தான். டாக்டர் மருந்து எழுதிக்கொடுப்பதற்கும் இதுதான். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல்லின் பழைய எழுத்தில் ஒரு கதவின் வடிவம் இருந்தது. 1956இல் சீனா எழுத்துகளை எளிமையாக்கியபோது அந்தக் கதவைக் கழற்றிவிட்டார்கள். தைவானில் இன்னும் இருக்கிறது.

படி 2: ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்

‘மூடியிருந்ததைத் திறந்து உள்ளே பார்க்கிறேனா, உள்ளே போகிறேனா?’ ஆம் என்றால் ‘ஓப்பன்’. கதவு, ஜன்னல், பெட்டி, புத்தகம், வாய் எல்லாம் இதில் அடங்கும். மின்சாரம் பாய்ந்து ஒரு பொருள் வேலை செய்ய ஆரம்பிக்கிறது என்றால் ‘டர்ன் ஆன்’. ‘டிவியை ஓப்பன் செய்தேன்’ என்றால் ஆங்கிலேயருக்கு ஸ்க்ரூ டிரைவரோடு பின்பக்கத்தைக் கழற்றுவதுதான் கண்முன் வரும். இந்தக் காட்சியை நடித்தே காட்டுங்கள், மறக்க மாட்டார்கள்.

காருக்கு ‘டிரைவ்’, கூட்டத்துக்கு ‘ஹோல்டு’. இவற்றுக்கு விதி தேடாமல் மனப்பாடம் செய்யச் சொல்வதே நல்லது.

ஒரு எச்சரிக்கை: கம்ப்யூட்டர் ஃபைலுக்கும் ஆப்புக்கும் ‘ஓப்பன்’ சரியே. திருத்துகிற வேகத்தில் அதையும் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்.

படி 3: ‘கடை திறந்திருக்கிறது’

சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப வடிவம் மாறுவதில்லை. அதனால் ‘தி ஷாப் இஸ் ஓப்பன்ட்’, ‘இஸ் ஓப்பனிங்’ என்று தடுமாறுவார்கள். நிலையைச் சொல்ல வெறும் ‘இஸ் ஓப்பன்’ போதும். மூடியிருந்தால் மட்டும் ‘இஸ் க்ளோஸ்ட்’. ஒன்றில் ‘ட்’ என்ற வால் இல்லை, மற்றதில் இருக்கிறது. ஏன் என்று கேட்டால், சரி, ஆங்கிலம் அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துவிடுங்கள்.

படி 4: பயிற்சி

வெளியே போய் வீட்டுக்குத் திரும்பும் காட்சி. கதவு, விளக்கு, ஏசி, ஜன்னல், ஃப்ரிட்ஜ். முதலில் சீனத்தில் சொல்லட்டும்: ஐந்துக்கும் ‘காய்’. அப்புறம் ஆங்கிலத்தில். விளக்கும் ஏசியும் ‘டர்ன் ஆன்’, கதவும் ஜன்னலும் ‘ஓப்பன்’. ஃப்ரிட்ஜில் கொஞ்சம் நிறுத்துங்கள்: ஜூஸ் எடுக்கவா, புதிதாக வாங்கி வந்து முதல்முறை ஓடவிடவா? பதிலைப் பொறுத்து வினைச்சொல் மாறும்.