மருந்தாய்வில் சேர்ந்தவர்கள் பாதியில் நிற்பது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் மருந்தாய்வில் சேர்ந்தவர் மூன்றாம் மாதம் வராமல் போனால், "போனே எடுக்கலை" என்று அவர்மேல் பழி போடுவது சுலபம். பெரும்பாலும் தவறு ஆய்வுத் திட்டத்தை எழுதும்போதே நடந்திருக்கும்.

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். முடிவில் 200 பேர் தேவை, 20 சதவீதம் பேர் விலகக்கூடும் என்றால் பலர் 40-ஐக் கூட்டி 240 பேரைச் சேர்க்கிறார்கள். அதில் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது 192. 200-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 250. "மாதம் 30 நோயாளிகள் வருவார்கள்" என்ற மருத்துவரின் ஞாபகத்தையும் நம்பாதீர்கள். கடந்த ஆறு மாத ஓ.பி. பதிவேட்டை எடுத்து, விலக்கு நிபந்தனைகளை (யாரைச் சேர்க்கக் கூடாது என்ற விதிகளை) ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். முப்பது பேர் ஐந்து பேராகச் சுருங்கினாலும் ஆச்சரியமில்லை.

ஒப்புதல் படிவத்தில் அவசரக் கையெழுத்து வாங்குவது அடுத்த தவறு. படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி உடனிருந்தே ஆகவேண்டும். வீட்டில் பேசிவிட்டு வரட்டும். பிறகு "மருந்தில்லாத மாத்திரையும் கிடைக்கலாம் என்றோமே, என்ன புரிந்தது?" என்று அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். 10 மில்லி ரத்தம் என்றால் மிரளுவார். இரண்டு டீஸ்பூன் அளவு என்றால் புரியும்.

தினக்கூலிக்காரருக்கு ஒரு விசிட் என்பது ஒரு நாள் சம்பளம். பயணப்படியை அன்றே கையில் கொடுங்கள். கடைசி விசிட்வரை பிடித்து வைத்தால் அது விலக விடாத நிர்ப்பந்தமாகிவிடும். வெறும் வயிற்று ரத்தத்தை முதலில் எடுத்துவிட்டு உடனே டிபன் கொடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவரிடம் விசிட் தேதிக்கு முன்பின் மூன்று நாள் அவகாசம் என்பது போதாது. ஆய்வுத் திட்டம் இடம் கொடுத்தால் ஏழு நாளாக்குங்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் ஊழியர்களே நோயாளிகளின் வீடு தேடிப் போனார்கள்.

ஒரே செல்போன் எண் போதாது. அவர் அனுமதியோடு இன்னும் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லலாம் என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும். காசநோய், எச்.ஐ.வி. ஆய்வுகளில் "ஆஸ்பத்திரியிலிருந்து" என்ற ஒரு வார்த்தையே வீட்டில் பிரச்சினையாகும்.

எல்லாவற்றையும்விட முடிவைக் கெடுப்பது, மருந்தை நிறுத்தியவரை ஆய்விலிருந்தே நிறுத்திவிடுவது. பக்கவிளைவு வந்தவர்கள் எல்லாம் கணக்கிலிருந்து மறைந்தால், மிச்சமிருப்பவர்களை வைத்து மோசமான மருந்தும் நல்லதாகத் தெரியும். மருந்து வேண்டாம் என்கிறவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: விசிட்டுக்கு வருவீர்களா, போனில் விசாரிக்கலாமா, மருத்துவப் பதிவேட்டைப் பார்க்கலாமா? மூன்றுக்கும் மறுத்தால் தேதியைக் குறித்துக்கொண்டு அதோடு விடுங்கள், துரத்தக் கூடாது.