புதிய டியூப் ஆம்பைப் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக கெயின் (ஒலியின் கரகரப்பைக் கூட்டுவது), பேஸ் (கீழ்க்குரல்), மிட் (நடுக்குரல்), டிரெபிள் (உயர்குரல்), வால்யூம். போதாக்குறைக்குப் பின்பக்கத்தில் வரிசையாக இணைப்புத் துளைகள். ஒற்றைச் சேனல் ஆம்பில் பழகிய கிட்டார் கலைஞர் ஒருவர் இப்படியொரு டியூப் ஆம்பை (வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவியை) வாங்கி வந்த முதல் வாரங்களில் இரண்டு வகைத் தவறுகளுக்கு இடம் கொடுக்கிறார். ஒருவகை, ஆம்பையே பழுதாக்கிவிடக்கூடியது. அது அரிது, ஆனால் செலவு மிகுந்தது. மற்றொன்று, நல்ல ஆம்பை மோசமான ஆம்ப் என்று நம்பவைத்து, ஒரே மாதத்தில் விற்கத் தூண்டுவது. இந்த இரண்டாம் வகைதான் எங்கும் நடக்கிறது. பழைய ஆம்பில் பழகிய கையும் காதும் புதிய ஆம்பிலும் அதே குமிழ் நிலைகளைத் தேடுவதே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

முதலில் பழுதாக்கும் தவறுகளைப் பார்த்துவிடலாம். ஸ்பீக்கரை இணைக்காமல் டியூப் ஆம்பை இயக்கி வாசிப்பது இவற்றுள் முதன்மையானது. டியூப்கள் உயர்ந்த மின்னழுத்தத்திலும் குறைந்த மின்னோட்டத்திலும் இயங்குகின்றன. ஸ்பீக்கருக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று மாற்றித் தருவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்பீக்கர் என்ற சுமை இல்லாதபோது அதன் முதன்மைச் சுருளில் மின்னழுத்தம் இயல்பைவிடப் பல மடங்கு எகிறி, சுருளின் காப்பையோ டியூப் சாக்கெட்டையோ பொசுக்கிவிடக்கூடும். இதைத் தெரிந்தவர்கள்கூட ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள்: கணினியில் பதிவு செய்வதற்காக லைன் அவுட்டை (பிற கருவிகளுக்கு ஒலிச் சைகை அனுப்பும் துளையை) மட்டும் இணைத்துவிட்டு, ஸ்பீக்கர் கேபிளைக் கழற்றிவிடுகிறார்கள். லைன் அவுட் ஒரு சுமை அல்ல. ஆம்புக்குள்ளேயே சுமை பொருத்தப்பட்டிருப்பதாகக் கையேடு தெளிவாகச் சொன்னாலொழிய, ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாகச் சுமையாக நிற்கும் லோட் பாக்ஸோ கட்டாயம் இணைந்திருக்க வேண்டும்.

ஸ்பீக்கர் பெட்டியின் (கேபினெட்) மின்தடையைக் குறிக்கும் ஓம் கணக்கையும் ஊகத்தில் விடக்கூடாது. 16 ஓம் கேபினெட்டுகள் இரண்டை இணையாக இணைத்தால் மொத்தம் 8 ஓம்; 8 ஓம் கேபினெட்டுகள் இரண்டு என்றால் 4 ஓம். ஆம்பின் பின்புறத் தேர்வு அந்த மொத்தத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும். அதேபோல, கிட்டாரையும் ஆம்பையும் இணைக்கும் மெல்லிய கேபிளை ஸ்பீக்கருக்குப் பயன்படுத்தக்கூடாது. முனை ஒரே மாதிரி இருப்பதால் அது உள்ளே பொருந்திவிடும்; ஆனால் ஸ்பீக்கருக்குச் செல்லும் மின்னோட்டத்தைத் தாங்கும் தடிமன் அதன் உட்கம்பிக்குக் கிடையாது. பழைய ஆம்பாக வாங்கியிருந்தால், அது 120 வோல்ட்டுக்கா 230 வோல்ட்டுக்கா அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொருகுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஃபியூஸ் போனால் அதே அளவுள்ள, அதே வகை ஃபியூஸையே போட வேண்டும்.

டியூப்களைச் சூடாக வைத்துக்கொண்டே ஒலியை நிறுத்தும் ஸ்டாண்ட்பை சுவிட்சைப் பற்றி ஒரு சொல். இயக்கியதும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை டியூப்கள் சூடேற விட்டு, பிறகு ஸ்டாண்ட்பையை விலக்குவது வழக்கம். சிறு இடைவேளைக்கும் அது பயன்படும். ஆனால் மணிக்கணக்கில் அந்நிலையிலேயே விட்டுவைப்பது டியூப்களுக்கு நல்லதல்ல. நீண்ட நேரம் வாசிக்கப்போவதில்லை என்றால் முழுவதுமாக நிறுத்திவிடுவதே சரி.

இனி ஒலிக்கு வருவோம். புதிய ஆம்பில் எல்லாக் குமிழ்களையும் 5-இல் நிறுத்தி, அதை 'நடுநிலை' என்று எண்ணித் தொடங்குவது பலருடைய வழக்கம். கிட்டார் ஆம்பில் அப்படியொரு நடுநிலை இல்லை. பெரும்பாலான டியூப் ஆம்ப்களின் டோன் சுற்று (பேஸ், மிட், டிரெபிள் குமிழ்களுக்குரிய மின்சுற்று) எதையும் கூட்டுவதில்லை; குறைக்க மட்டுமே செய்யும். மூன்று குமிழ்களும் ஒன்றையொன்று சார்ந்தவை: டிரெபிளைத் திருகினால் மிட் குமிழின் செயல்பாடும் மாறும். ஃபெண்டர் நிறுவனத்தின் பாணிச் சுற்றில் மூன்றும் நடுவில் இருக்கும்போது மிட் பகுதியில் பெரும் பள்ளம் விழுந்திருக்கும். பேஸையும் டிரெபிளையும் நன்றாகக் குறைத்து மிட்டை முழுவதுமாக ஏற்றினால்தான் அது ஓரளவு சமநிலைக்கு வரும். ஆகவே பழைய ஆம்பில் 'பேஸ் 6, மிட் 4, டிரெபிள் 7' என்பது எவ்வளவு அழகாக ஒலித்திருந்தாலும், புதிய ஆம்பில் அந்த எண்களுக்குப் பொருளே கிடையாது.

அதைவிட முக்கியமானது, டோன் சுற்று எந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்பது. மார்ஷல் நிறுவனத்தின் பாணி ஆம்ப்களில் அது கெயின் கட்டங்களுக்குப் பின்னால் வருகிறது. அதாவது, உருவாகி முடிந்த டிஸ்டார்ஷனை (கெயின் தரும் கரகரப்பை) அது வடிவமைக்கிறது. மேசா பூகி நிறுவனத்தின் மார்க் வரிசை ஆம்ப்களிலோ அது டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வருகிறது. அங்கே பேஸ் குமிழ், எவ்வளவு கீழ்க்குரல் டிஸ்டார்ஷனுக்குள் நுழைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வாயில். இப்படிப்பட்ட ஆம்ப் ஒன்றில் லீட் சேனலின் பேஸை 7-இல் வைத்து, கீழ் ஈ தந்தியை உள்ளங்கையால் அணைத்து வேகமாக அடித்துப் பாருங்கள். அந்தத் தந்தியின் அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். அடிகள் தனித்தனியாகக் கேட்காமல், ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் ஏறி, ஈரத்துணியால் மூடியதுபோல் குழைந்துபோகும். கையை எடுக்காமல் பேஸை 2-க்கு இறக்கினால் அடிகள் பளிச்சென்று பிரியும்; ஆனால் ஒலி மெலிந்துவிட்டது போலிருக்கும். மெலிந்த அந்தக் கனத்தை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் அமைந்த ஐந்து பட்டை ஈக்வலைசரின் 80 ஹெர்ட்ஸ் சறுக்குக் குமிழில் திரும்பப் பெறலாம். பேஸ் குமிழ் 2-இல் இருப்பதைப் பார்த்தே 'இது தப்பு' என்று கண்ணால் முடிவு கட்டுபவருக்கு இந்த ஆம்ப் ஒருபோதும் திறக்காது.

கெயினை மிகையாக வைப்பது அடுத்த தவறு. இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். என்னுடைய மூன்று சேனல் ஆம்பில் முதல் சில வாரங்கள் மூன்றாம் சேனலை விட்டு நான் நகரவில்லை. கெயின் 8-இல், மிட் 2-இல். அறையில் தனியாக வாசிக்கும்போது அது பிரமாண்டமாக இருந்தது. குழுவுடன் ஒத்திகையில், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் தொடங்கிய கணமே என் ஒலி காணாமல் போனது. வால்யூமை ஏற்ற ஏற்ற இரைச்சல்தான் கூடியது. கெயினை 5-க்கு இறக்கி, மிட்டை 6-க்கு ஏற்றியபோது, வால்யூமைத் தொடாமலே ஒவ்வொரு சுரமும் முன்னால் வந்து நின்றது. கெயின் கூடும்போது ஒலி அமுங்கிச் சமன்படுகிறது. விரலின் அழுத்த வேறுபாடு மறைகிறது. அடர்ந்த ஒலி வேறு, உரத்துக் கேட்கும் ஒலி வேறு.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெல்லிய ஒலியில் மனிதக் காது கீழ்க்குரலையும் மிக உயர்ந்த குரலையும் குறைவாகவே உணர்கிறது என்பதை ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட அளவீடுகள் காட்டின. வீட்டில் அடக்கமாக வாசிக்கும்போது நாம் அந்தக் குறையை பேஸையும் டிரெபிளையும் ஏற்றி ஈடுசெய்கிறோம். அதே அமைப்பை மேடை வால்யூமில் கேட்டால் கீழே உறுமலும் மேலே கீறலுமாக மிஞ்சும். வீட்டுக்கு ஓர் அமைப்பு, குழுவுக்கு ஓர் அமைப்பு என்று இரண்டு வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. 100 வாட்டுக்குப் பதில் 50 வாட் வாங்கினால் வீட்டில் சமாளிக்கலாம் என்பதும் தவறான கணக்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு 3 டெசிபெல் மட்டுமே.

கேட்கும் இடமும் ஏமாற்றும். தரையில் வைத்த ஆம்பின் முன் நின்றுகொண்டு வாசித்தால், ஒலி கணுக்காலுக்குத்தான் போகிறது. உயர்குரல்கள் ஸ்பீக்கரின் நேர்க்கோட்டில் குவிந்து செல்வதால், நிற்பவருக்கு ஒலி மங்கலாகத் தோன்றும். அவர் டிரெபிளை ஏற்றுவார். எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஆம்பைச் சாய்த்தோ உயர்த்தியோ வைத்து, அல்லது குனிந்து ஸ்பீக்கர் மட்டத்தில் ஒருமுறை கேட்டபின் டிரெபிளைத் தீர்மானியுங்கள்.

சேனல்களைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் ஒரே மாலையில் அமைக்க முயல்வதே தவறு. கரகரப்பில்லாத கிளீன் சேனலில் சில நாட்கள் மட்டும் தங்கி, எந்த வால்யூமில் அதன் ஒலி கரகரக்கத் தொடங்குகிறது என்பதைக் கண்டுகொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்ள அளவோடு மற்றச் சேனல்களின் வால்யூமைப் பொருத்துங்கள். ப்ரசன்ஸ் (உயர்குரலின் பளிச்சைக் கூட்டுவது) போன்ற சில குமிழ்கள் எல்லாச் சேனல்களுக்கும் பொதுவாக இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள்.

பெடல்களைப் பழையபடி எல்லாவற்றையும் முன்புறத் துளையில் செருகினால், டிலே, ரிவெர்ப் ஆகியவற்றின் எதிரொலிகளும் டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்து கலங்கும். ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷனைப் பயன்படுத்துவோருக்கு அவை எஃபெக்ட்ஸ் லூப்பில் (டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் பெடல்களை இணைக்கும் துளைகளில்) இருப்பதே தெளிவைத் தரும்; ஓவர்டிரைவ், வா-வா ஆகியவை முன்புறத்தில் இருக்கட்டும். லூப் இணைவகையாக (நேரடி ஒலியோடு பெடலின் ஒலியையும் கலப்பதாக) இருந்தால், பெடலில் நேரடி ஒலியை முற்றிலும் அணைத்துவிட வேண்டும்.

ஒலி பிடிக்கவில்லை என்றதும் டியூப்களை மாற்ற ஓடுவதையும் தள்ளிப்போடலாம். குமிழ்களையும் ஸ்பீக்கரையும் விட டியூப் தரும் மாற்றம் சிறியது. 12ஏஎக்ஸ்7 வகை ப்ரீஆம்ப் (முதல்கட்டப் பெருக்க) டியூபை மாற்றப் பயஸ் (டியூபில் ஓடும் அடிப்படை மின்னோட்டத்தின் அமைப்பு) சரிசெய்ய வேண்டியதில்லை. ஆனால் நிலைப் பயஸ் கொண்ட ஆம்பில் பவர் டியூப்களை மாற்றினால் கட்டாயம் அளந்து சரிசெய்ய வேண்டும். பயிற்சி இல்லாதவர் பெட்டியைத் திறந்து அதில் இறங்கக்கூடாது: மின்சாரத்தைத் துண்டித்த பின்பும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம். வெளியிலிருந்து நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. டியூபுக்குள் ஹீட்டர் இழையின் ஆரஞ்சு ஒளியும், கண்ணாடியின் மீது படரும் நீல ஒளியும் இயல்பானவை. டியூபுக்குள் உள்ள வெளித்தகடே பழுக்கக் காய்ச்சிய இரும்புபோல் சிவந்தால், வாசிப்பை அந்த நொடியே விட்டு ஆம்பை அணைத்துவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள்.