பாஸ்வேர்டை எங்கே வைப்பது? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அப்பாவின் டைரியில் ‘பேங்க்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. நான்கு பாஸ்வேர்டுகள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும், ஐந்தாவதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. டைரியை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு அது எட்டாது. ஆனால் கையால் எழுத வேண்டியிருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டை வைத்துவிடுகிறோம். ஏதோ ஒரு கடையின் தளத்திலிருந்து அது கசிந்தால், அதையே உங்கள் மெயிலிலும் போட்டுப் பார்ப்பார்கள்.

இதற்குத்தான் பாஸ்வேர்ட் மேனேஜர்: ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டை உருவாக்கி, பூட்டிய பெட்டகத்தில் வைத்துக்கொள்ளும் செயலி.

1. செயலியைத் தேர்ந்தெடுங்கள். குரோமே சேமித்துக்கொள்வது ஒன்றும் இல்லாததற்கு மேல். ஆனால் உங்கள் போனின் பின் நம்பர் தெரிந்தவருக்கு அதுவும் திறந்துவிடும். கீபாஸ்எக்ஸ்சி என்ற செயலி எல்லாவற்றையும் உங்கள் கணினியிலேயே ஒரு கோப்பாக வைக்கும். நகல் எடுத்துவைப்பது உங்கள் பொறுப்பு. முதல்முறை என்றால் நான் பிட்வார்டன் என்ற செயலியைத்தான் சொல்வேன். இலவசக் கணக்கிலேயே போன், கணினி எல்லாவற்றிலும் பயன்படுத்தலாம். மூல நிரலும் திறந்தே இருக்கிறது; அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம்.

2. தலைமைப் பாஸ்வேர்ட். பெட்டகத்தைத் திறக்கும் பாஸ்வேர்ட் இது. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். 2022-இல், இதேபோன்ற செயலியை நடத்தும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களுடைய பெட்டகங்களின் நகல்களே திருடு போயின. உள்ளே பாஸ்வேர்டுகள் மறையாக்கத்தில்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவில்தான் இருந்தன. அப்படித் திருடு போனால் உங்களைக் காப்பது தலைமைப் பாஸ்வேர்டின் நீளம்தான். பிட்வார்டன் குறைந்தது 12 எழுத்து கேட்கும். அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடத்தில் திறந்து, இடத்துக்கு ஒரு சொல் எடுங்கள்: முறுக்கு, ஒட்டகம், திருகாணி, பந்தல், கடுகு. இவற்றை ஆங்கில எழுத்தில், நடுவில் கோடு போட்டு எழுதுங்கள். (இதே ஐந்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்!) சினிமாப் பாட்டு வரி, பிள்ளைகளின் பெயர் எல்லாம் வேண்டாம்.

3. ஒரு தாளில் எழுதுங்கள். ஆமாம், தாளில்தான். மறந்துவிட்டால் பிட்வார்டனாலும் மீட்டுத் தர முடியாது. அதே தாளில் மெயில் பாஸ்வேர்டையும் எழுதுங்கள். புதிய போனில் நுழையும்போது மெயிலுக்கு ஒரு குறியீடு வரும். மெயில் பாஸ்வேர்ட் பெட்டகத்துக்குள் மட்டும் இருந்தால், சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதைதான். அப்புறம், பிட்வார்டனில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றையும் கேட்கும் ஏற்பாடு) போட்டதும் கிடைக்கும் மீட்புக் குறியீட்டையும் சேர்த்து எழுதி, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

4. பழைய பாஸ்வேர்டுகளைச் செயலிக்குக் கொண்டுவாருங்கள். குரோமில் சேமித்தவற்றை சிஎஸ்வி என்ற பட்டியல் கோப்பாக இறக்கி, பிட்வார்டன் தளத்தில் ‘இம்போர்ட்’ கொடுத்தால் போதும். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்: தளம், பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் பச்சையாகத் தெரியும். வேலை முடிந்ததும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். என்னுடையது எட்டு மாதம் டவுன்லோட்ஸில் கிடந்தது.

5. செயலி உருவாக்கித் தரும் புதிய பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போடுங்கள். முதலில் மெயில், பிறகு வங்கி. மெயிலின் புதிய பாஸ்வேர்டைத் தாளிலும் திருத்த மறக்காதீர்கள். மற்றவற்றை அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது மாற்றினால் போதும். யுபிஐ பின்னை மட்டும் எங்கும் சேமிக்காதீர்கள்.

இனிமேல் பாஸ்வேர்டைச் செயலியே நிரப்பட்டும். வங்கிப் பக்கம் போலவே இருக்கும் ஒன்றில் அது நிரப்ப மறுத்தால், நகலெடுத்து ஒட்டாதீர்கள்; அது போலிப் பக்கமாக இருக்கலாம். மேலே முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள்.