மலத்தில் சளிப்படல நொதிகளை அளக்கும்போது நடக்கும் தவறுகள்

பெருங்குடலின் சுவரைக் காக்கும் சளிப்படலம் முக்கியமாக மியூக்-2 என்ற மியூசினால், அதாவது சர்க்கரை செறிந்த ஒரு புரதத்தால் ஆனது. அதன் எடையில் பெரும்பகுதி சர்க்கரைச் சங்கிலிகள்தான். அக்கர்மேன்சியா மியூசினிஃபிலா போன்ற பாக்டீரியாக்கள் சியாலிடேஸ் (சியாலிக் அமிலத்தை வெட்டுவது), ஃபுகோசிடேஸ் (ஃபுகோஸ் சர்க்கரையை வெட்டுவது), சல்ஃபடேஸ் (சல்ஃபேட்டை நீக்குவது) என்று பல நொதிகளைக் கொண்டு அந்தச் சங்கிலிகளை நுனியிலிருந்து கழற்றுகின்றன. இவற்றை மலத்தில் அளக்க முடியும். ஆனால் கருவி காட்டுவது ஒளியை மட்டுமே. அதை நொதியின் கணக்காக மாற்றும் வழியில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதலில் சேகரிக்கும் குப்பி. டிஎன்ஏ பரிசோதனைக்கான பாதுகாப்புத் திரவத்தில் போட்ட மாதிரியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அந்தத் திரவம் நொதிகளைச் செயலிழக்க வைத்துவிடும். மாதிரியைச் சிறு பங்குகளாகப் பிரித்து உடனே உறைய வையுங்கள். ஒரு பங்கை ஒரு முறைதான் உருக்க வேண்டும். திரும்பத் திரும்ப உருக்கினால் செல்கள் உடைந்து உள்ளே இருந்த நொதிகளும் வெளியே வரும், அளவு பொய்யாக ஏறும்.

அதிகம் கவனிக்கப்படாதது மலச்சாற்றின் பழுப்பு நிறம். வழக்கமான சோதனையில் 4-மெத்தில்அம்பெல்லிஃபெரோன் என்ற ஒளிரும் பொருளை ஒட்டிய செயற்கை மூலக்கூறைச் சாற்றில் சேர்ப்பார்கள்; நொதி அதை வெட்டியதும் அந்தப் பொருள் விடுபட்டு ஒளிரும். அதைத் தூண்டும் புற ஊதா ஒளியையும், அது உமிழும் நீல ஒளியையும் பழுப்புச் சாறு விழுங்குகிறது. தெரிந்த அளவுகளில் அந்தப் பொருளை எடுத்து ஒளியை அளந்து வரையும் ஒப்பீட்டுக் கோடுதான் தரக்கோடு. அதை வெறும் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) போட்டுக் கணக்கிட்டால் அடர்ந்த மலத்தில் நொதி குறைவாகவும், வெளிறிய மலத்தில் ஒப்பீட்டளவில் கூடுதலாகவும் தெரியும். நோயாளிகளுக்கு வயிற்றுப்போக்கும் மற்றவர்களுக்கு இயல்பான மலமும் இருந்தால், இல்லாத வித்தியாசம் ஒன்று ஆய்வு முடிவாகவே வந்துவிடும். தரக்கோட்டை அதே சாற்றிலேயே போடுங்கள். அப்புறம், சாற்றை இரண்டு மடங்கு நீர்க்கவைத்து மறுபடி அளந்து பாருங்கள். கிராமுக்கான செயல்பாடு மாறக் கூடாது. ஏறினால் சாறே குறுக்கே நிற்கிறது. கிராம் என்றால் உலர் எடை. ஈர எடையில் கணக்கிட்டால் மலத்தின் நீரளவும் முடிவுக்குள் நுழைந்துவிடும்.

4-மெத்தில்அம்பெல்லிஃபெரோன் அமிலச் சூழலில் மங்கலாகவே ஒளிரும். அதனால் வினையை பிஎச் 10-க்கு மேலான பஃபரால் நிறுத்திவிட்டு ஒளியை அளக்க வேண்டும். நொதிகள் செயலிழக்கும்படி கொதிக்க வைத்த சாறு ஒன்றும் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாடாக இருக்கட்டும்.

சல்ஃபடேஸை அளப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இந்த பாக்டீரியாக்களின் சல்ஃபடேஸ்கள் பெரும்பாலும் கால்சியத்தை நம்பி இருப்பவை. புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கச் சேர்க்கும் புரோட்டியேஸ் தடுப்பான் கலவையில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருந்தால் அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈடிடிஏ இல்லாத கலவையை வாங்குவதே சரி.

கடைசியாக, செயற்கை மூலக்கூறில் சியாலிடேஸ் நன்றாக வேலை செய்தது என்பதை வைத்து 'சளிப்படலம் சிதைகிறது' என்று எழுதிவிடாதீர்கள். ஒற்றைச் சர்க்கரையைக் கழற்றுவதும் முழு மியூசினைக் கரைப்பதும் வேறு வேறு. முழு மியூசினில் சோதித்தாலும், கடையில் எளிதாகக் கிடைப்பது பன்றி இரைப்பையிலிருந்து எடுத்தது. மனிதப் பெருங்குடலின் மியூக்-2 அல்ல. எந்த மூலக்கூறில் அளந்தோம் என்பதை முடிவு வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.